சடக்கு போட்டவர்களும் காற்று வாங்கப் போனவர்களும்

சிங்கப்பூருக்கு முதன்முறை வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்களுக்கு நண்பர்கள், முதல் நாள் எங்கே போகலாம் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். மெர்லயனும் செந்தோசாவும் எங்கேயும் ஓடிவிடாது, நாளைக்குப் பார்க்கலாம். இரவெல்லாம் விமானத்தில் விழித்த கண்ணோடு வரிசையில் போய் நிற்க வேண்டாம். காலையில் பசியாறிவிட்டுக் காடியில் ஏறி உட்காருங்கள். சைனாடவுனில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். தேக்காவைத் தொட்டு, புக்கிட் தீமா சாலையைப் பிடித்து, தீவின் வடமேற்கு மூலையில் கிராஞ்சி, லிம் சூ காங் வரை மெதுவாகப் போய்வரலாம். நடக்க வேண்டாம், டிக்கெட் வாங்க வேண்டாம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும்.

சுற்றுலா வேன் ஓட்டிப் பிழைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் இந்த ஒரு பாதையை விடவில்லை. அப்பா பொதுப்பணித் துறையில் சடக்குக்குத் தார் ஊற்றும் கூட்டத்தில் இருந்தார். அவருடைய கால்சட்டையில் ஒட்டிய தார் எத்தனை துவைத்தாலும் போகாது. அதனாலோ என்னவோ, மற்றவர்கள் கட்டடங்களைக் காட்டுகிற இடத்தில் எனக்குக் கீழே கிடக்கும் சடக்கைக் காட்டத் தோன்றும். சைனாடவுனிலிருந்து கிராஞ்சி வரை போகும் இந்தப் பாதையில் பழைய சாலை ஒன்றுகூட உல்லாசமாகப் போவதற்கென்று போடப்பட்டதில்லை. சுமை இழுக்கப் போட்டவை அவை. போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். காற்று வாங்கப் போகும் சுகம் பிற்பாடு வந்து அவற்றின்மேல் ஏறிக்கொண்டது.

*

“சீனக்காரங்க தெருவுல நம்ம அம்மன் எப்படிண்ணே வந்தா?” சௌத் பிரிட்ஜ் சாலையில் கோபுரத்தைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இது. உண்மையில் அம்மன் வந்து உட்கார்ந்தபோது இந்தச் சாலை இன்றைய உருவத்தில் இல்லை.

ராஃபிள்ஸ் 1819 ஜனவரியில் இங்கே கரையிறங்கினார். அவருடைய இரண்டாவது வருகையில், அதே ஆண்டு மே மாதம், பினாங்கிலிருந்து உடன் வந்தவர் நாராயண பிள்ளை. தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டு, கட்டட ஒப்பந்தங்கள் எடுத்து, இந்த ஊரின் முதல் தமிழ்ப் பெரிய மனிதர் ஆனவர். கோவிலுக்கு முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் தந்தார்கள். அங்கே நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. இடம் மாறி, கடைசியில் 1823-ல் இப்போதிருக்கும் நிலம் கிடைத்தது. 1827-ல் பலகையும் அத்தாப்புக் கூரையுமாக மாரியம்மன் கோவில் எழுந்தது. சில அடி தள்ளி, அதே வரிசையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் தங்கள் பள்ளிவாசலை அதே காலத்தில் எழுப்பினார்கள். ஜாமே சூலியா பள்ளிவாசல் என்பது அதன் பெயர். நம்மவர்களுக்கு அது பெரியபள்ளி. சைனாடவுனுக்கு வருகிற உலகச் சுற்றுலாக்காரர்கள் இரைந்து நடக்கும் பகோடா தெரு, டெம்பிள் தெரு, மாஸ்க் தெரு மூன்றும் இந்தக் கோவிலாலும் பள்ளிவாசலாலும் பெயர் பெற்றவைதான்.

ஆற்றுக்குத் தென்மேற்கே சீனர்கள், ஆற்றங்கரையோரம் சூலியாக்கள் என்று 1822-ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் ஊரைக் கோடு போட்டுப் பிரித்தது. கோடு காகிதத்தில் இருந்தது. தரையில் சதுப்பும் சேறும் இருந்தன. சேற்றின்மேல் சாலை வந்தது 1830-களில். ஜார்ஜ் ட்ரம்கூல் கோல்மன் என்ற அயர்லாந்துக் கட்டடக் கலைஞர் 1833-ல் பொதுப்பணிகளின் மேற்பார்வையாளர் ஆனார். நார்த் பிரிட்ஜ் சாலை, சௌத் பிரிட்ஜ் சாலை இரண்டையும் அவர் கைதிகளைக் கொண்டு அமைத்தார். ஆக, கோவில் முந்தியது, சடக்கு பிந்தியது. கோவிலின் செங்கல் கட்டுமானத்திலும் கைதிகளின் கை இருந்திருக்கிறது என்று நம்பப்படுகிறது.

தெற்கே நாலு எட்டு வைத்தால் கிரேத்தா ஆயர். தண்ணீர் வண்டி என்று பொருள். ஆன் சியாங் குன்றைச் சுற்றியிருந்த கிணறுகளிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் மாட்டு வண்டியில் தண்ணீர் ஏற்றி வீடுவீடாக விற்ற காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டுமென்று தான் கிம் செங் என்ற சீன வணிகர் 1857-ல் 13,000 டாலர் கொடுத்தார். ஆனால் குழாயில் தண்ணீர் வந்து சேர 1870-களின் கடைசி ஆகிவிட்டது. அதுவரை இந்த மக்கள் கூட்டத்தின் தாகத்தைத் தீர்த்தது மாடுதான். கிராஸ் தெருவைப் பழைய தமிழர்கள் பால்கடைச் சடக்கு என்றார்கள். வண்டி மாடும் பசு மாடும் சைனாடவுனின் சந்துகளில் சீனர்களின் கடைகளுக்கு நடுவே நடந்த காலம் அது.

இன்று அந்தச் சந்துகளில் வேனை நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் இந்தப் பேச்சையெல்லாம் நான் ஓட்டிக்கொண்டேதான் சொல்வது.

*

அந்தக் கைதிகள் யார் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பென்கூலன் என்ற இடம் ஆங்கிலேயர்கள் கையில் இருந்தது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களை அங்கே வைத்திருந்தார்கள். 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பென்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போனது. அங்கிருந்த கைதிகளை என்ன செய்வது? 1825 ஏப்ரலில் கப்பலேற்றிச் சிங்கப்பூரில் இறக்கினார்கள். முதலில் வந்த கப்பலில் 80 பேர், மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு வாரத்துக்குள் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தார்கள். அப்போது இந்த ஊருக்கு வயது ஆறு. ஓராண்டுக்கு முந்தைய கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை சுமார் பத்தாயிரம்.

கூலிக்கு ஆள் கிடைப்பதே அரிதாக இருந்த ஊரில், சோறு போட்டால் வேலை செய்தாக வேண்டிய ஆட்கள் கிடைத்தது அரசாங்கத்துக்கு எவ்வளவு பெரிய லாபம் என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட, ஊரில் எந்தப் பொதுவேலையானாலும் இவர்கள் தலையில்தான். சதுப்பை நிரப்பினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், பாறை உடைத்தார்கள், காட்டைத் திருத்தினார்கள். 1850-களில் அவர்கள் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. சிராங்கூன் சாலையில் அவர்கள் நடத்திய அரசாங்கச் சூளையின் செங்கல் 1867-ல் ஆக்ராவில் நடந்த பொருட்காட்சியில் பரிசு வாங்கியது. நகர நடுவில் வெள்ளைவெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா இரண்டும் அவர்கள் கட்டியவை. தேவாலயச் சுவரின் பூச்சுக்கு, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்தார்கள். மதராஸ் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களுக்கு அது புதிதல்ல.

இவர்களைக் காவல் காத்தவர்களும் இவர்களே. நன்னடத்தை காட்டியவரை மேற்பார்வையாளராக உயர்த்துவது இங்கே ஏற்பட்ட முறை. கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மேஜர் மெக்நேர், 1899-ல் இவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கே தங்களுக்குத் தாங்களே காவலர்களான கைதிகள் என்ற பொருளில் பெயர் வைத்தார். புதிதாக வந்தவன் காலில் விலங்கோடு வேலை செய்வான். ஆண்டுகள் போகப் போக ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் வெளியே தங்கிப் பிழைக்க அனுமதிச் சீட்டு வாங்கலாம். அப்படி வெளியே வந்தவர்கள் வண்டி ஓட்டினார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள், கடை வைத்தார்கள். சாலையை விலங்கோடு போட்டவனே பிறகு அதில் வண்டி ஓட்டிப் பிழைத்தான். 1873-ல் கைதிக் குடியிருப்பை மூடினார்கள். தண்டனை முடியாதவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். மற்றவர்கள் ஊரோடு கரைந்தார்கள். யார் எந்தக் குடும்பத்தின் பாட்டன் என்று இன்று யாரும் பேசுவதில்லை.

*

தேக்கா சந்தையின் பக்கத்தில் புக்கிட் தீமா சாலை தொடங்குகிறது. லிட்டில் இந்தியாவில் காய்கறிப் பையோடு நிற்கிறவர்கள் பலருக்கு, தாங்கள் கடக்கும் இந்தச் சாலைதான் தீவின் மறுகரைவரை போகும் பழைய தடம் என்று தெரியாது. கால்வாயை ஒட்டி நேராக வடமேற்கே போய், குன்றைச் சுற்றிக்கொண்டு, பெயர் மாறி, ஜொகூர் நீரிணையைப் பார்த்து நிற்கும். 1845-ல் கிராஞ்சிவரை சாலை எட்டிவிட்டது. தீவைக் குறுக்கே கடக்கும் சாலை அது.

ஏன் அவ்வளவு தூரம் போட்டார்கள்? மிளகுக்கும் காம்பீருக்கும். காம்பீர் செடியின் இலையைக் கொதிக்கவைத்து வடித்தால் தோல் பதனிடவும் சாயம் போடவும் சரக்கு கிடைக்கும். வெற்றிலையோடு மெல்லவும் செய்வார்கள். 1830-களிலிருந்து இங்கிலாந்தில் அதற்குக் கிராக்கி. தியோச்சியூ சீனர்கள் தீவின் உள்பகுதியில் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். இலையைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும், விறகுக்கு இன்னும் காடு அழியும். வடித்த இலைச் சக்கையை மிளகுக்கொடிக்கு எருவாக இடுவார்கள். பதினைந்து, இருபது ஆண்டில் மண் களைத்துப்போகும், தோட்டக்காரர் அடுத்த காட்டுக்கு நகர்வார். லிம் சூ காங், சுவா சூ காங் என்று இன்றைக்கும் அடுக்குமாடிகளுக்கும் பண்ணைகளுக்கும் இருக்கும் பெயர்கள், ஆற்றோரத்தில் அந்தத் தோட்டக்காரர்களின் தலைவர்கள் இருந்த துறைகளின் பெயர்கள். முதலில் சரக்கு ஆற்றில்தான் போனது. பிறகு சாலை வந்தது, மாட்டு வண்டி வந்தது.

கூடவே புலியும் வந்தது. ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து வந்த புலிகள், காடும் தோட்டமும் சந்திக்கும் விளிம்பில் குனிந்து வேலை செய்யும் கூலியாட்களைத் தூக்கின. நாளுக்கு ஒருவர் வீதம் சாகிறார்கள் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்கள். அரசாங்கம் புலித் தலைக்கு வெகுமதி அறிவித்தது. பூச்சிகளையும் பறவைகளையும் சேகரிக்க 1854-ல் வந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியாரின் வீட்டில் தங்கினார். செயின்ட் ஜோசப் தேவாலயம் இன்றும் அந்தச் சாலையோரம் இருக்கிறது. ஒரு சதுர மைல் அளவு காட்டில் எழுநூறு வகை வண்டுகளைப் பிடித்ததாக அவர் எழுதியிருக்கிறார். விழுந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவே பூச்சி தேடும்போது, அக்கம்பக்கத்தில் புலி இருக்குமோ என்ற நடுக்கத்தையும், புலிக்கு வெட்டிய குழியில் மனிதன் விழும் அபாயத்தையும் சேர்த்து எழுதினார். தீவின் கடைசிப் புலி 1930-ல் சுவா சூ காங் பக்கத்தில் சுடப்பட்டது. வேனில் குழந்தைகள் இருந்தால் நான் இந்த இடத்தில் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பேன். அவர்கள் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார்கள்.

சாலை போட்டவர்களின் கதையும் புலியின் கதையும் சேர்ந்த ஒரு படம் உண்டு. 1835 வாக்கில் கோல்மன் காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு புலி பாய்ந்து வந்து, யாரையும் தொடாமல், அவருடைய அளவைக் கருவியைச் சாய்த்துவிட்டுப் போனது. ஹைன்ரிஹ் லாய்ட்டமன் என்ற ஜெர்மன் ஓவியர் பல ஆண்டுகள் கழித்து அதை அச்சுப்படமாக வரைந்தார். நடுவில் புலி, சாயும் முக்காலி, பின்னால் சாய்கிற தொப்பிக்காரத் துரை, அவரைச் சுற்றி அலறி விழும் இந்தியக் கைதிகள். சிங்கப்பூர் வரலாறு பேசும் புத்தகங்களில் அடிக்கடி பார்க்கலாம். அந்த நாட்களில் இந்தக் கைதிகளைச் சாலையோடு சேர்த்துக் காட்டும் படங்கள் மிகக் குறைவு. அதிலும் அவர்கள் புலிக்குப் பயந்து விழுகிறவர்களாகத்தான் இருக்கிறார்கள், சாலை போடுகிறவர்களாக இல்லை. ஆனால் மெக்நேர் காலத்தில் துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கு அனுப்பப்பட்டவர்களும் இதே கைதிகள்தான்.

*

சரி, காற்று வாங்கப் போகிறவர்கள் எப்போது வந்தார்கள்?

சாலை போட்ட கையோடே வந்துவிட்டார்கள். புக்கிட் தீமா குன்றின் உச்சிவரை 1843-ல் பாதை வெட்டியாயிற்று. மேலே குளிர்ந்த காற்று, தங்க ஒரு பங்களா. நகரத்தில் வேலை முடிந்த துரைமார்கள் மாலையில் குடும்பத்தோடு வண்டியில் கடற்கரைத் திடலைச் சுற்றுவது அன்றாட வழக்கம் ஆனது. அன்றைய வாடகை வண்டிக்குப் பல்லக்கு என்றே பெயர். பக்கங்களில் மரத் தட்டிகள் வைத்த, நாலு சக்கரப் பெட்டி, அதை இழுக்க சுமத்ராவிலிருந்து வந்த ஒரு மட்டக்குதிரை. அதில் ஓட்டுகிறவனுக்கு இருக்கை கிடையாது. குதிரைக்காரன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு சேர்ந்து ஓடுவான். அவன் பெரும்பாலும் இந்தியனாகவோ மலாய்க்காரனாகவோ இருப்பான். இந்த வெயிலில் ஒரு மனிதன் எப்படி இத்தனை தூரம் ஓடுகிறான் என்று 1840-களில் வந்துபோன வெளிநாட்டுப் பயணிகள் வியந்து எழுதினார்கள். வியந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து போனார்கள். புது நாட்டில் அவர்களுக்கு அது முதல் நாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் வேனில் குளிர்சாதனம் போதவில்லை என்று கேட்கிறவர்களும் நல்லவர்கள்தான்.

ஜப்பானில் பிறந்த ரிக்ஷா, ஷாங்காய் வழியாக 1880-ல் இங்கே வந்து இறங்கியது. ஓடுகிறவன் குதிரையின் பக்கத்திலிருந்து குதிரையின் இடத்துக்கே வந்துவிட்டான். ரிக்ஷாக்காரர்கள் சீனாவிலிருந்து வந்த ஏழைகள், சைனாடவுனின் நெருக்கமான அறைகளில் முறைவைத்துத் தூங்கினவர்கள். நீல் சாலையும் தஞ்சோங் பகார் சாலையும் சேரும் முனையில், 1903 வாக்கில் கட்டிய ரிக்ஷா நிலையம் இன்றும் நிற்கிறது. வண்டிகளைப் பதிவு செய்யவும் சோதிக்கவும் கட்டிய இடம். மனிதன் மனிதனை இழுக்கும் ரிக்ஷா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான், 1947-ல், ஒழிந்தது.

முதல் மோட்டார் காடி 1896-ல் வந்தது. ஒரு பென்ஸ் வண்டி. அது போட்ட சத்தத்தைக் கேட்டு ஊர் அதைக் கோப்பி மெஷின் என்றது. அதை வைத்திருந்தவர் சார்ல்ஸ் பக்லி. பழைய சிங்கப்பூரின் சங்கதிகளைத் தேடித்தேடித் தொகுத்து 1902-ல் புத்தகமாகப் போட்டவரும் இதே பக்லிதான். கைதிகள் எந்த ஆண்டில் எந்தச் சாலையைப் போட்டார்கள் என்று நான் சொல்வதில் பாதி அவர் எழுதிவைத்ததிலிருந்து வந்தது. அந்தச் சாலைகளில் முதலில் மோட்டாரில் போனவரே அவற்றின் கதையையும் எழுதியிருக்கிறார். அடுத்த பத்தாண்டில் திருமதி டேர் என்ற ஆங்கிலப் பெண்மணி தானே காடி ஓட்டினார். அவருடைய வண்டிக்குத்தான் எஸ்-1 என்ற பதிவெண் கிடைத்தது. பெண் ஒருத்தி பேய்க்காற்று வண்டியில் போகிறாள் என்று கம்பத்துக் கிராமங்களில் பயந்தார்களாம். 1907-ல் மோட்டார் சங்கம் ஒன்றே தொடங்கிவிட்டார்கள். 1903-ல் ரயில் வந்தது. 1924-ல் ஜொகூர் பாலம் திறந்ததும் புக்கிட் தீமா சாலை தீவுக்குள் முடியாமல் மலாயாவுக்குள் ஓடத் தொடங்கியது. காலையில் சிங்கப்பூரில் பசியாறிவிட்டு மதியத்துக்கு ஜொகூரைத் தாண்டிய ரப்பர்க் காடுகளுக்குள் போகலாம் என்றானது. மிளகு வந்த வழியில் மிளகாய் ஊறுகாயும் சோற்றுப் பொட்டலமுமாகக் குடும்பங்கள் போக ஆரம்பித்தன.

இந்தச் சுகம் எங்களைப் போன்றவர்களுக்கு வந்தது இன்னும் பிற்பாடு. என் சிறுவயதில் பச்சை பஸ் இந்தச் சாலையில் ஓடும். அப்பாவுக்கு விடுமுறை கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை அம்மா, தங்கைகளோடு ஏறி உட்கார்ந்துகொள்வோம். பியூட்டி வேர்ல்டு இருக்கும் இடம் அப்பா வாயில் எப்போதும் ஏழாங்கட்டைதான். தபால் நிலையத்திலிருந்து ஏழு மைல். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கம்பங்கள், பன்றிப் பட்டிகள், கோழிப் பண்ணைகள், தென்னந்தோப்பு. ஏதாவது ஒரு கட்டையில் இறங்கி, கடையில் கோப்பி குடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸில் திரும்பிவருவோம். போன இடத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. போய்வருவதுதான் பயணம். மலாய்க்காரர்கள் இதை மாக்கான் ஆங்கின் என்பார்கள், காற்றைச் சாப்பிடுவது. அப்பா மட்டும் காற்றைச் சாப்பிடாமல் சடக்கைப் பார்த்துக்கொண்டே வருவார். இந்த ஒட்டு நாங்கள் போட்டது, இந்த வளைவில் தண்ணீர் நிற்கும், இங்கே ஜல்லி சரியில்லை என்று ஜன்னலுக்குச் சொல்வார். அம்மாவுக்குக் கோபம் வரும். “இன்னிக்குக்கூட வேலையா?”

*

அந்தக் கிராமப்புறம் இன்று இல்லை. 1970-களிலும் 80-களிலும் கம்பங்கள் கலைந்து அடுக்குமாடிகளுக்குப் போயின. பன்றி வளர்ப்பை நிறுத்துவதென்று 1984-ல் அரசு முடிவெடுத்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பட்டிகள் காலியாகின. 1980-களின் நடுவில் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்தபிறகு பழைய சாலையின் அவசரமெல்லாம் அங்கே போய்விட்டது. மிச்சமிருக்கும் நாட்டுப்புறத்தைப் பார்க்கவேண்டுமென்றால் கிராஞ்சி, லிம் சூ காங் மூலைதான். கீரைப் பண்ணை, மீன் பண்ணை, முட்டைப் பண்ணை, தவளைப் பண்ணை, சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம், பெரிய இடுகாடுகள், ராணுவப் பயிற்சி நிலம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “இதுதான் கிராமமாண்ணே? ஒரு மாடுகூடக் காணோமே” என்றார். மாடு வேண்டுமென்றால் நூற்றைம்பது வருஷம் முன்னால் சைனாடவுனுக்கு வந்திருக்க வேண்டும் என்றேன்.

லிம் சூ காங் சாலையில் மரங்கள் இரண்டு பக்கமும் கூடி நிழல் விரிக்கும். ஓரிடத்தில் பல ஆண்டுகள் சாலை அகலமாகி, மூக்கைப் பிடித்தாற்போல் நேராகப் போனது. போர் விமானங்கள் அவசரத்துக்கு இறங்குவதற்கான ஓடுபாதையாக அது இருந்தது. பயிற்சி நாட்களில் சாலையை மூடி நிஜமாகவே விமானம் இறக்கினார்கள். முன்பு மிளகு மூட்டைக்காகச் சாலை போட்டார்கள், பிற்பாடு அதே பக்கத்தில் விமானத்துக்காகவும் போட்டார்கள். காற்று வாங்குகிறவர்கள் இடைப்பட்ட நேரத்தில் போய்வந்தோம்.

2006-ல் அரசு ஐந்து சாலைகளைப் பாரம்பரியச் சாலைகள் என்று அறிவித்தது. லிம் சூ காங் சாலை அவற்றில் ஒன்று, மண்டாய் சாலை இன்னொன்று. இரண்டு பக்கமும் பத்து மீட்டர் அகலத்துக்கு மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அழகான காரியம். சாலையில் போகும் சுகத்தையும் காக்கவேண்டிய சொத்தாக இந்த ஊர் எண்ணத் தொடங்கிவிட்டது. நானும் அந்த நிழலில் பிழைத்தவன்தான்.

அதே சாலைகளில் இன்னொரு முதல் நாளும் நடந்துகொண்டிருக்கிறது. கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகள் இருக்கின்றன. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும், பங்களாதேஷிலிருந்தும் வருகிற பையன்கள் பலர் வந்து தங்குவது இங்கேதான். பலர் அன்றாடம் வேலைக்குப் போவது லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து. அது பாதுகாப்பா என்று நாடாளுமன்றத்திலேயே பேசியாயிற்று. சாலைக்குத் தார் போடுவதும், சுரங்க ரயிலுக்குத் தோண்டுவதும், பாரம்பரியச் சாலையின் மரத்தில் கிளை வெட்டுவதும் இன்று அவர்கள் வேலை. கைதிகள் இல்லை, கூலிக்கு ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள், அந்த வித்தியாசம் பெரியது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் வெளியூர்க்காரன் காற்று வாங்கப் போகும் சாலையை இன்னொரு வெளியூர்க்காரன்தான் போட்டுத்தருகிறான் என்ற ஏற்பாடு மட்டும் 1825-லிருந்து மாறவில்லை.

கிராஞ்சியில் ஒரு தேநீர்க் கடையில் அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவனிடம், வந்த அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “மரம்ணே. சிங்கப்பூர்னா பெரிய பெரிய பில்டிங்னு நெனச்சேன். வழியெல்லாம் மரமா இருந்துச்சு, தப்பான ஊருக்குக் கூட்டியாந்துட்டானோன்னு பயந்துட்டேன்.” என் வேனில் வருகிறவர்கள் ஆசைப்பட்டுப் பார்க்கிற அதே மரங்கள்.

கோல்மனுக்கு இங்கே ஒரு தெரு இருக்கிறது. மெக்நேருக்கு ஒரு சாலை இருக்கிறது. தாம்சன் என்ற அரசாங்க அளவையாளருக்கு நீண்ட சாலையே இருக்கிறது. சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோவில் 1973-லும், பெரியபள்ளி அடுத்த ஆண்டிலும் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆயின. இரண்டுக்கும் முன்னால் பலகை வைத்து, யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று நாலு மொழியில் எழுதலாம், தகும். இரண்டையும் உரசிக்கொண்டு ஓடும் சாலைக்கு அந்த மரியாதை இல்லை, ஏனென்றால் சாலையை யாரும் பார்க்க வருவதில்லை, அதில் போகத்தான் வருகிறார்கள். அந்தக் கைதிகளின் பெயரைப் போடச் சொன்னால் எத்தனை பெயர் போடுவது என்பார்கள். பெயர் வேண்டாம். 1833, கைதிகள் போட்டது என்று ஒரு வரி போதும். தமிழில் இருந்தால் என் வண்டியில் வருகிறவர்கள் தாங்களே படித்துக்கொள்வார்கள், எனக்கும் பேச்சு மிச்சம்.